கைக்குட்டை போட்ட இடம்

1

மாரிகுப்பத்துக்காரன் ஒருவன் நியூசிலாந்தில் எழுத்து மூலமாகக் கண்டிக்கப்பட்டிருக்கிறான். எதற்காக என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது. வராத நிலநடுக்கத்தில் தவறான திசையில் ஓடியதற்காக.

அந்த மாரிகுப்பத்துக்காரன் நான்தான். வெலிங்டனில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். இருபது வருஷமாக ஓட்டியும் இந்த ஊர்க் காற்று என் தொப்பியை மட்டும் விட்டுவைக்கவில்லை. டிப்போவில் புதிய டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை ஒன்று காலியாகப் போகிறது. எனக்கு ஓட்டத் தெரியும் என்று நம்புகிறார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசத் தெரியும் என்பதற்கு மட்டும் சான்றிதழ் கேட்கிறார்கள். என் மனைவி மலரைக் கேட்டிருந்தால், இவருக்குப் பேசாமல் இருக்கத் தெரியும் என்பதற்குத்தான் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லியிருப்பாள்.

ஆக, நாற்பத்தெட்டு வயதில் பை தூக்கிக்கொண்டு வாரம் ஒரு சாயங்காலம் வகுப்புக்குப் போகிறேன். போன வருஷக் கடைசியில் அங்கே ஒரு ஒத்திகை நடந்தது. மணி அடிக்கும், நிலம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும், மேசைக்கு அடியில் புகுந்து, தலையை மூடி, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிலம் ஆடுகிற நாடு இது. குழந்தைக்குக்கூட இந்தப் பாடம் தெரியும்.

மணி அடித்தது. எல்லோரும் மேசைக்கு அடியில் போனார்கள். என் பக்கத்து இருக்கைக்காரன் ஃபெட்டு சமோவாத் தீவுக்காரன், கூரை போடுகிறவன், உடம்பில் என்னைப் போல் இரண்டு பேர். அவனே மடங்கி உள்ளே போய்விட்டான். நான் கதவைத் திறந்து, படி இறங்கி, சாலையைக் கடந்து, எதிரிலிருக்கும் ஆஸ்பத்திரி சலவைப் பகுதியின் வாசலில் போய் நின்றேன். மலருக்கு அங்கேதான் வேலை. அவள் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் மூச்சு வாங்குது? ஒரு கால்ல ஷூவக் காணோம்."

ஷூ படிக்கட்டில் கிடந்தது. எங்கள் ஆசிரியை ஹெலன் அதை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். மரியாதையாக ஒரு படிவத்தை நீட்டினார். அதில் "ஏன் வெளியே ஓடினீர்கள்?" என்று ஒரு கேள்வி. "தெரியவில்லை" என்று எழுதினேன். பொய்யில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கால் போயிற்று; நான் கூடப் போனேன்.

2

வகுப்பில் வரலாறு எடுத்திருந்தேன். அதில் கணக்கு கிடையாது என்பது ஒன்றுதான் காரணம். பாடத்தின் தலைப்பு "ஊர்களின் எழுச்சியும் வீழ்ச்சியும்". ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஓர் ஊரைப் பற்றி வகுப்பின் முன்னால் பத்து நிமிஷம் பேச வேண்டும். எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் அச்சு உண்டு: எழுச்சி, உச்சம், வீழ்ச்சி. மூன்று பெட்டிகள். மூன்றையும் நிரப்பினால்தான் தேர்ச்சி. தேறாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து; பயிற்சியாளர் வேலை அதற்குள் வேறு யாருடைய மடியிலாவது விழுந்திருக்கும்.

எங்கள் ஊருக்கு இந்த மூன்று பெட்டியும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கோலார் தங்கவயல்; மாரிகுப்பம் அதன் ஒரு பகுதி. தங்கம் கிடைத்தது, தோண்டினார்கள், மூடினார்கள். பஸ்ஸில் மூன்று ஸ்டாப் மாதிரி. இணையத்தில் தேடினேன். வெள்ளைக்காரர் பங்களா, கிளப், அந்தக் காலத்திலேயே வந்த மின்சாரம், உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று, எல்லாம் வரிசையாகக் கிடைத்தது. வெட்டி ஒட்டினேன். கடைசிப் பெட்டிக்கு ஒரு படம் அகப்பட்டது. உடைந்த ஜன்னல், பிளந்த சுவர், புதர். "இறந்த நகரம்" என்று கீழே பெரிய எழுத்தில் போட்டேன். எனக்கே கண் கலங்கியது என்றால் பாருங்கள், எவ்வளவு நன்றாக வெட்டி ஒட்டியிருந்தேன் என்று.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பையன் மொபைலில் நேரம் வைத்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "நல்லா இருக்குப்பா" என்று ஆங்கிலத்தில் சொன்னான். "அந்த ஊருக்கு நாம எப்பவாவது போயிருக்கோமா?"

மூன்று தடவை போயிருக்கிறான். ஒரு தடவை எங்கள் பின்வீட்டு ரோசி அக்காவின் கோழி கொத்திய தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று புலம்புவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்காது. புலம்பவும் செய்தேன், மலரிடம். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீ சொன்ன ஊரு எனக்கே எதுன்னு தெரியல. அவன் இன்னா பண்ணுவான்?"

3

என் அண்ணன் கௌதமனின் மகள் யசோவுக்குக் கல்யாணம் குறித்த வாரத்தில்தான் என் முறையும் வந்தது. தேதியை மாற்ற முடியாது. ஊரிலிருந்து வீடியோவில் பேசலாம் என்றார் ஹெலன். பையனுக்குப் பரீட்சை. நான் மட்டும் கிளம்பினேன்.

அங்கே சாயங்காலம் ஆறரை என்றால் மாரிகுப்பத்தில் காலை பதினொன்று. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். புத்த விகாரைக்கு யார் பூ எடுத்துப் போவது என்று உள்ளே வாக்குவாதம். ஜன்னல் பக்கம் மட்டும்தான் சிக்னல் என்பதால் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து, பேன்ட்டுக்குப் பதில் லுங்கியும் மேலே கோட்டுமாக உட்கார்ந்தேன். மணப்பெண் யசோ இரண்டு கையிலும் மருதாணியோடு, கைகளைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். பெங்களூரில் ஆபீஸ் வேலை அவளுக்கு. "டெக்னிகல் சப்போர்ட்டுக்கு நான் இருக்கேன் சித்தப்பா, டென்சன் ஆகாதீங்க" என்றாள். கையால் எதையும் தொட முடியாத டெக்னிகல் சப்போர்ட்.

திரையில் வகுப்பு தெரிந்தது. ஹெலன், ஃபெட்டு, ஜூடி, இன்னும் சிலர். ஜூடி கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்தவர். அந்த ஊர் பெரிய நிலநடுக்கத்தில் இடிந்தபோது அங்கே இருந்தவர். அதிகம் பேசாதவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபெட்டு கேட்டான். அசோகு என்கிற நான் அவர்களுக்கு ஆஷ். "ஆஷ், உன் பின்னால் என்ன அழகான மலை?"

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் சைனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். எத்தனையோ தலைமுறைக் கழிவு சாம்பல் நிறத்தில் குன்றாக நிற்கிறது.

"அது மலை இல்லை" என்றேன். "அது உள்ளே இருந்தது. எங்கள் ஆட்கள் எடுத்து வெளியே வைத்தார்கள்."

ஃபெட்டுவின் வாய் மூடவில்லை. என் பேச்சிலேயே நானாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உடனே ஸ்லைடுக்குத் தாவிவிட்டேன்.

எழுச்சி முடிந்தது. உச்சம் ஓடியது. ராக் பர்ஸ்ட் பற்றியும் ஒரு ஸ்லைடு இருந்தது. அத்தனை ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். மேலே இருக்கிற வீடுகள் ஆடும். அதன் இலக்கணத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். வகுப்பு தலையாட்டியது. தேர்ச்சி என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

அடுத்தது கடைசி ஸ்லைடு. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். சோகத்துக்கு ஏற்றாற்போல் ஒரு இடைவெளியும் விட்டேன். அந்த இடைவெளியில்தான் அண்ணி சாந்தி டீயோடு வந்தாள்.

"இன்னா அசோகு, யாருக்கு ஒப்பாரி வெக்கிற?"

"அம்மா, சும்னிரு. கிளாஸ் நடக்குது" என்றாள் யசோ.

அண்ணிக்குப் பின்னால் ரோசி அக்கா. எங்களுக்குப் பின் லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிறவர். கல்யாண வேலைக்கு வந்தவர் கையில் உரித்த பூண்டோடு திரையை எட்டிப் பார்த்தார்.

"அடியே சாந்தி, இது எங்க வூட்டு பின்பக்கம்டி!"

"எது?"

"அந்த ஒடஞ்ச ஜன்னலு. முருங்க மரம். தோ பாரு, என் கோழிக்கூண்டு!"

நான் பார்த்தேன். புதர் என்று நினைத்தது முருங்கை. அதன் ஓரத்தில் கம்பி வலை போட்ட ஒரு கூண்டு. என் பையனின் முழங்காலைக் கொத்திய வம்சம் குடியிருக்கும் அதே கூண்டு.

"முன்பக்கம் போன பொங்கலுக்குத்தான் நீலப் பெயிண்ட் அடிச்சேன்" என்றார் ரோசி அக்கா. "அத போட்டோ புடிக்க எவனுக்கும் கண்ணு தெரியல. சந்துக்குள்ள பூந்து பின்னால போயி புடிச்சினு போயிருக்கான். கீழ இன்னாம்மா எழுதிகீது?"

யசோ என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "செத்துப்போன ஊருன்னு எழுதிகீது ஆண்ட்டி."

பூண்டு கீழே விழுந்தது.

"ஏண்டா அசோகா! நேத்து காலைல என் வூட்டாண்ட வந்து இட்லி துன்னியே. சட்னி போதலன்னு வேற கேட்டியே. அப்ப தெரியலியா நான் செத்துட்டது?"

அதற்குள் பந்தல்காரர்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். "இன்னா மேட்டரு?" "அசோகண்ணன் நம்ம ஊரு செத்துருச்சுன்னு ஃபாரின்ல சொல்லிகினு கீறாரு." "அப்ப பந்தலு யாருக்கு போடறோம்?"

மைக்கை அணைக்க யசோவின் கை மருதாணி விடவில்லை. எனக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. வெலிங்டனில் எல்லாம் கேட்டது.

4

ஹெலன் சங்கடத்தோடு, "ஆஷ், தொடர முடியுமா?" என்று கேட்டார். அப்போதுதான் ஜூடி கையைத் தூக்கினார்.

"எனக்கு ஒரு கேள்வி. அங்கே இருக்கிறவர்களிடம். பாறை வெடித்து வீடு ஆடும்போது நீங்கள் எல்லாம் எங்கே போவீர்கள்?"

நான் தொண்டையைச் செருமினேன். "உரிய பாதுகாப்பு முறைகள் இருந்திருக்கும் என்று..."

யசோ கேள்வியைத் தமிழில் சொன்னாள். அண்ணி டீ டம்ளரை அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு, நேராக லேப்டாப்பைப் பார்த்தாள்.

"எங்க போறது? ஷாஃப்டாண்டதான். ஆட்டம் நின்னதும் அடுப்ப அணைச்சிட்டு மொத்த லைனும் போவும். புள்ளைய இடுப்புல தூக்கினு போவோம்."

யசோ அதை ஆங்கிலமாக்கினாள். ஜூடியின் முகம் சுருங்கியது. "சுரங்க வாசலுக்கா? அது ஆபத்து இல்லையா? விலகித்தானே ஓட வேண்டும்?"

"டேஞ்சர்தான், யாரு இல்லன்னா?" என்றாள் அண்ணி. "கீழ போனவன் கேஜுல மேல வருவான். வரும்போது வாசல்ல யாருமே இல்லன்னா, அவன் இன்னா நெனப்பான்?"

கேஜ் என்பது ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு. அது மேலே வரும் சத்தம் எனக்குத் தெரியும். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். யாரும் பேச மாட்டார்கள். கூண்டின் கதவு திறக்கும். ஒருமுறை அப்பா வெளியே வந்தவர், அத்தனை பேரையும் பார்த்துவிட்டு, "எல்லாரும் இன்னாத்துக்கு வந்தீங்க, நான் இன்னா மந்திரியா?" என்று கேட்டார். சிரித்தது யார், அழுதது யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இது என் ஸ்லைடு எதிலும் இல்லை. கிளப்பில் என்ன விளையாடினார்கள் என்பது இருந்தது.

யசோ சொல்லி முடித்தாள். ஜூடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஷ், அன்றைக்கு ஒத்திகையில் நீ இதைத்தானே செய்தாய்?"

பத்து நிமிஷம் நான் அவர்களுக்கு வரலாறு சொல்லப் போனேன். ஒரே கேள்வியில் ஜூடி என் கால் எங்கே ஓடியது என்று எனக்குச் சொல்லிவிட்டார். படிவத்தில் "தெரியவில்லை" என்று எழுதிய இடத்துக்கு விடை, கோட்டும் லுங்கியுமாக அரிசி டிரம் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் கிடைத்தது. வழக்கம்போல் ஒரு ஜோக் அடிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

"ஆமாம்" என்றேன். பிறகு ரோசி அக்காவைப் பார்த்தேன். அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஹெலன், இந்தக் கடைசிப் படத்தை நான் எடுத்துவிடுகிறேன். இது இந்த அம்மா வீட்டின் பின்பக்கம். என்னிடம் மூன்றாவது பெட்டி இல்லை."

ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமில்லை, ஆனால் அச்சு அச்சுதான். "மூன்றாம் பகுதி இல்லாமல் நான் தேர்ச்சி போட முடியாது, ஆஷ். சுரங்கம் மூடியது உண்மைதானே? ஒரு வாரம் தருகிறேன். முடிவுரையை அனுப்பு."

"சுரங்கம் மூடியது உண்மை" என்றேன். "நாங்கள் மூடவில்லை."

திரை அணைந்தது. அணைத்தது நானில்லை, கரன்ட் போய்விட்டது; என் பழைய லேப்டாப் கரன்ட் இல்லாமல் ஓடாது. அந்தக் காலத்திலேயே மின்சாரம் வந்த ஊர் என்று கொஞ்ச நேரம் முன்னால்தான் பெருமையடித்திருந்தேன்.

5

மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரும் எனக்கு முடிவுரை எழுதித் தந்தார்கள். பெரும்பாலானவை ஹெலனுக்கு அனுப்ப முடியாத பாஷையில் இருந்தன. அண்ணன் மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை அவனுக்கு. தினமும் ரயிலில் போய் ரயிலில் வருகிறான்.

"கல்யாணம் முடிஞ்சதும் ஒருநாள் என்கூட விடியக்காலைல ஸ்டேசனுக்கு வா" என்றான்.

"இன்னாத்துக்குண்ணா?"

"வாடான்னா வா."

கல்யாணம் நன்றாக நடந்தது. யசோ விகாரையில் பஞ்சசீலம் சொல்லும்போதே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அதற்கடுத்த நாள் விடியும் முன்னே அண்ணனோடு மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி புறப்படுகிற இடமே இதுதான். பெட்டி விளக்கெரிந்து நின்றது. உள்ளே பார்த்தால் ஆளே இல்லை. எனக்குச் சந்தோஷம். ஜன்னலோரமாகப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பின்னாலேயே டிபன் கேரியரோடு ஏறிய ஒரு பெண் என்னைப் பார்த்து நின்றாள். "சார், எழுந்துருங்க. அது லட்சுமி எடம்."

"எந்த லட்சுமி?"

"கோரமண்டல் ஸ்டேசன்ல ஏறுவா. கைக்குட்ட மேலயே குந்திகினு கீறீங்க."

எழுந்து பார்த்தேன். பூப்போட்ட ஒரு கைக்குட்டை. பக்கத்து இடத்துக்கு நகர்ந்தேன். "அது கன்னடக்காரரு எடம்" என்றாள். அங்கே மடித்த செய்தித்தாள். எதிரில் ஒரு துண்டு. அதற்கப்பால் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்கார்ஃப், ஒரு சீப்பு. பெட்டி முழுக்க நடந்தேன். ஆள் இல்லை, ஆனால் இடமும் இல்லை. முதலில் வருகிறவர்கள் அடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்களுக்காக ஒவ்வொன்றாகப் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்க இறங்கியிருக்கிறார்கள். ஷிஃப்டு தவறாமல் தினமும்.

"யாராவது வராம போயிட்டா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"போன் போட்டு கேப்போம். ஒடம்பு சரியில்லன்னா சாயங்காலம் போயி பார்ப்போம். எடத்த வேற ஆளுக்கு குடுக்க மாட்டோம்."

உடனே மொபைலை எடுத்து, வண்டி நகர்வதற்குள் அந்தக் காலிப் பெட்டியைப் படம் பிடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைக்குட்டைகளுக்கு முகம் முளைத்தது. லட்சுமி ஏறினாள், ஈரத் தலையோடு ஓடி வந்து உட்கார்ந்து அதே நிமிஷம் தூங்கிப் போனாள். செய்தித்தாள்காரர் கன்னடத்தில் எல்லோரையும் நலம் விசாரித்தார். நியூசிலாந்திலிருந்து வந்த நான் பங்காருபேட்டை வரை கழிவறைக் கதவோரம் ஒற்றைக் காலில் நின்று போனேன். இறங்கும்போது டிபன் கேரியர்க்காரி, "நாளைக்கு வர்றதா இருந்தா சொல்லுங்க சார், ஒரு துணி போட்டு வெக்கிறோம்" என்றாள்.

அந்த பிளாட்பாரத்திலேயே நின்று ஹெலனுக்கு முடிவுரை அனுப்பினேன். ஒரே படம். கீழே நானே யோசித்து எழுதிய வாக்கியங்கள்: "மூன்றாம் பகுதி: வீழ்ச்சி. இந்தப் படத்தில் காலியாக இருக்கும் ஓர் இடத்தைக் காட்டுங்கள். எங்கள் ஊர் இறந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "ஆஷ், எனக்கு முழுப் பெட்டியும் காலியாகத்தான் தெரிகிறது."

கைக்குட்டைகளைப் பற்றி எழுதினேன். லட்சுமி, செய்தித்தாள்காரர், சீப்புக்குச் சொந்தக்காரி, எல்லோரையும் எழுதினேன். ஹெலன் இன்னொரு கேள்வி கேட்டார். "இத்தனை பேரும் எங்கே போகிறார்கள்?"

"ஷிஃப்டுக்கு" என்று எழுதினேன். "ராத்திரி வந்துவிடுவார்கள். வாசலில் ஆள் இருக்கும்."

6

வெலிங்டன் திரும்பிய வாரம் வகுப்புக்குப் போனேன். நான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் ஒரு பெரிய ஈரத் துண்டு கிடந்தது. ஃபெட்டு ரக்பி ஆடிவிட்டு வந்த துண்டு. "இடம் பிடித்து வைத்தேன்" என்றான். வகுப்பில் பாதி நாற்காலி காலி. துண்டு நாறியது. அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

மதிப்பெண்ணும் அன்றைக்குத்தான் வந்தது. இழுத்துப் பிடித்துத் தேர்ச்சி. இதற்குக் கீழே ஓர் இம்மி இறங்கினால் அடுத்த வருஷம்தான். ஓரத்தில் ஹெலனின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "முடிவுரை கொடுக்கப்பட்ட அமைப்புக்கு உட்படவில்லை."

வீட்டுக்கு வந்து பையனுக்குக் காட்டினேன். அவன் அதைவிட்டு ரயில் பெட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "கோழி கொத்தின ஊர்தானே இது?" என்றான். ஆமாம் என்றேன். மலர் துணி மடிப்பதை நிறுத்தாமல், "இப்பத்தான் ஊரு மாதிரி கீது" என்றாள்.

அண்ணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். பின்னால் ரோசி அக்காவும் இருந்தார். படித்துக் காட்டினேன்.

"உட்படலன்னா இன்னா அர்த்தம்?" என்றாள் அண்ணி.

"சொன்ன பேச்சு கேக்கலன்னு அர்த்தம் அண்ணி."

அண்ணி ரோசி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நல்ல மார்க்குதான்" என்றாள்.